லண்டன் ராணியின் முழங்கால்

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. மடியில கண்ணாடிச் சாமான் இருக்கு. மேல கம்பில வைக்கலாம்னு கண்டக்டர் சொன்னான். இது மேல தூக்கிப் போடுத சாமான் இல்ல. பெட்டிக்குள்ள சுவர்க் கடிகாரம். நாசரேத்து வரைக்கும் இப்படியே மடியில வச்சிக்கிட்டுத்தான் போகணும். நீங்களும் நாசரேத்தா? நல்லதாப் போச்சு. இறங்கும்போது ஒரு கை குடுங்க, எனக்கு முழங்கால் சரியில்ல.

நீங்க வேதக்காரங்களா? இல்லையா? அப்ப ரொம்ப நல்லது. ஒரு விசயத்துக்கு நியாயம் கேக்கணும். ஆர்.சி. ஆளுகிட்டக் கேட்டா சிரிக்கான். சி.எஸ்.ஐ. ஆளுகிட்டக் கேட்டா கோவப்படுதான். ரெண்டும் இல்லாத ஆளு ஒருத்தரு பக்கத்துல வந்து உக்காரணுமேன்னு திருச்செந்தூர்ல ஏறும்போதே நினைச்சேன்.

எம் பேரு கஸ்பார். கஸ்பார் கர்வாலோ. ஊரு சிலுவைத்துறை, கடக்கரை. பேரக் கேட்டா எவனோ வெள்ளைக்காரன்னு நினைப்பீங்க. ஆளப் பாத்தா அந்த நினைப்பு போயிரும்.

எங்க ஊரு மாதா கோயில் திருவிழா மாசியில. திருவிழாவுக்கு நாடகம் உண்டு, ராணி நாடகம்னு பேரு. ஒரு கணக்கப்பிள்ளை எழுதினது. அவரு செத்து எந்தக் காலமோ ஆச்சு. கதை என்னன்னா, லண்டன்ல ஒரு ராணி. அவ பதிதை. ஒங்களுக்கு அந்த வார்த்தை தெரிஞ்சிருக்காது. போப்பாண்டவர வேண்டாம்னு சொல்லிட்டுத் தனியாப் போன ஆளுகள எங்க பழைய ஆளுக அப்படித்தான் சொல்லுவாவ. இப்ப அப்படிச் சொல்லப்படாதுன்னு சாமியாரு சொல்லுதாரு. நாடகத்துல எழுதியிருக்கு, அதனால சொல்லுதேன்.

அந்த ராணி எங்க வேதக்காரங்களப் போட்டு வாட்டி எடுக்கா. பூசை வைக்கப்படாது. சாமியாரு ஊருக்குள்ள வரப்படாது, வந்தா தலை போயிரும். அதனால பெரிய வீட்டுக்காரங்க சுவத்துக்குள்ள பொந்து வச்சிக் கட்டி, அதுக்குள்ள சாமியார ஒளிச்சி வைப்பாங்க. அதுல பெரிய ஆளு கபிரியேல் பிரபு. அது நான். என் தலையில முடி இருந்த காலத்துல இருந்து நான்தான். ராணிய இறக்கிட்டு, ஜெயில்ல கிடக்கிற அவ சொந்தக்காரி ஒருத்திய, நம்ம வேதத்து ராணிய, சிம்மாசனத்துல ஏத்தணும்னு கபிரியேல் பிரபு சதி பண்ணுவாரு. ஒரு சதி இல்ல, சதிக்கு மேல சதி. எல்லாத்தையும் ராணியோட ஒற்றர் மந்திரி மோப்பம் பிடிச்சிருவான். அது லெயோன். நடிப்பு பரவால்ல. மனுசன் சரியில்ல. அதுக்கு வாரேன்.

ஒரு சீன்ல ராணி கபிரியேல் பிரபு வீட்டுக்கே விருந்தாளியா வந்து தங்குவா. அவ படுத்திருக்கிற அறைச் சுவத்துக்குள்ளேயே சாமியாரு பூசை வச்சிக்கிட்டு இருப்பாரு. அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. ஜனம் அந்த இடத்துல விழுந்து விழுந்து சிரிக்கும். இத ஞாபகம் வச்சிக்கிடுங்க, பின்னால வேணும்.

கடைசில ராணிக்கு மாதா காட்சி குடுப்பா. ராணி சிம்மாசனத்த விட்டு இறங்கி, மாதா சுரூபத்துக்கு, அதான் சிலைக்கு, முன்னால முழங்கால் போட்டு அழுவா. அதோட திரை. நாடகம் முடிஞ்சிட்டு.

இப்ப என் கதைக்கு வாரேன்.

போன ஐப்பசியில கடல் ஒரு கெட்ட ஆட்டம் ஆடுச்சு. என் மகன் ராயப்பன் வள்ளத்துல போயிருந்தான். போன வள்ளமெல்லாம் திரும்பிட்டு, அவனது மட்டும் வரல. பிலோமி, என் வீட்டுக்காரி, அழல. சோறு பொங்கினா. ஆறிப்போச்சுன்னு கோழிக்குப் போட்டா. திரும்பப் பொங்கினா. அதப் பாக்க முடியாம நான் கோயிலுக்கு ஓடினேன்.

மத்தவங்க என்ன நேருவாங்க? மெழுகுதிரி நேருவாங்க. கொடி நேருவாங்க. மொட்டை போடுதேன்னு நேருவாங்க. என் தலையப் பாக்குதீங்கள்லா, நான் மொட்டைன்னு நேந்தா மாதா சிரிக்க மாட்டாளா? சுரூபத்துக் கால அப்படியே கட்டிப் பிடிச்சிக்கிட்டேன். வாயில வந்தது இதுதான்: "தாயே, எம் பிள்ளையக் கரை சேத்துரு. ஒரு ராணியவே கொண்டாந்து ஒங்காலடியில முழங்கால் போட வைக்கேன்."

நாடகக்காரன் வாயில வேற என்ன வரும்? அந்த நேரத்துல எனக்கு அது சுலபமான நேர்ச்சையாத்தான் தெரிஞ்சுது. ராணி வேசம் எப்பவும் மிக்கேல் கட்டுவான். வருசா வருசம் முழங்கால் போடுதவன்தான், மாசியிலயும் போடப் போறான். எப்பவும் நடக்கிறதையே நேந்து மாதாவ ஏமாத்தப் பாத்தேன்னு பிலோமி சொல்லுதா. நான் அப்படி நினைக்கல. நேந்தது நேந்ததுதான்.

ராயப்பன் வந்துட்டான். எஞ்சின் நின்னு, மணப்பாட்டுப் பக்கம் ஒதுங்கியிருக்கான். ஆளக் கண்டதும் முதல்ல ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகு கட்டிப் பிடிச்சிக்கிட்டு அழுதேன். ஊரே பாத்துது. பாத்தா பாக்கட்டும்.

அன்னையில இருந்து, நேர்ச்சை தீருத வரைக்கும் அவனக் கடலுக்கு விடுதது இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். வள்ளம் எம் பேர்ல இருக்கு. எஞ்சின் பிளக்கக் கழத்தி இடுப்புல முடிஞ்சிக்கிட்டேன். இந்தா, இப்பவும் இருக்கு பாருங்க. வாங்கின பொருளுக்கு விலை குடுக்காம திரும்ப அந்தக் கடைக்கே பிள்ளைய அனுப்புவேனா? புதுசா ஒரு பிளக்கு வாங்கிப் போட்டான். அதையும் கழத்திட்டேன். ஐஸ் கம்பெனியில கட்டி உடைக்கப் போனான். பாய்மரம் கணக்கா வெயில்ல நின்ன பய, சாக்கு போத்திக்கிட்டு ஐஸ் தள்ளுதான். கையெல்லாம் வெளுத்துப் போச்சு. மருமக எனக்கு முகம் குடுத்துப் பேசுததில்ல. ஒருநா ராயப்பன் கேட்டான்: "அப்பா, நேந்தது நீங்க. கரையில கிடக்கிறது நானா?"

கேக்கட்டும். உயிரோட இருந்து கேக்கான்லா.

மாசி வரைக்கும்தானேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். மார்கழியில மிக்கேல் துபாய்க்குக் கம்பி நீட்டிட்டான். இப்ப ராணிக்கு எங்க போக? இந்தக் காலத்துல பொம்பளைப் பிள்ளைகளே நடிக்குது, ஏதாவது ஒண்ணு வரும்னு பாத்தேன். ஊர்ல ஒருத்தி வரல. கன்னிப் பொண்ணு பதிதை வேசம் கட்டினா கடக்கரையில மாப்பிள்ளை கிடைக்காதாம். கட்டிக் குடுத்த பிள்ளைக, மாமியா வீட்ல சும்மா விடுவாவளாங்குது. மாதா வேசத்துக்கு மட்டும் வீட்டுக்கு ஒண்ணா வந்து நிக்குதுக.

அப்பதான் சாமியாரு ஜெபக்கனி டீச்சரச் சொன்னாரு. எங்க பங்குப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். சொந்த ஊரு நாசரேத்து, சி.எஸ்.ஐ., போப்பாண்டவரும் சுரூபமும் இல்லாத சபை. புருசன் இல்ல, பிள்ளைகுட்டி இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வாடகைக்கு இருந்தாவ. எங்க ஊர்ல பாதி பேரு அவியகிட்டப் படிச்சவன்தான். அவிய வகுப்புல பேசினா கடல்ல போற வள்ளத்துக்குக் கேக்கும். நானே போயிக் கேட்டேன். சிரிச்சாவ. "நான் பதிதைதானே அண்ணாச்சி, வேசமே வேண்டாமே"ன்னாவ. எனக்குக் கொஞ்சம் சங்கடமாப் போச்சு.

ஒத்திகையில அவிய வசனம் பேசுறதக் கேட்டு எனக்குப் புல்லரிச்சிட்டு. உள்ளதச் சொல்லணும்லா. மிக்கேல் பேசினா மிக்கேல்தான் பேசுவான். இவிய பேசினா ராணியே பேசுதா. ஆனா கடைசி சீன் வந்ததும் புத்தகத்த மூடிட்டாவ.

முதல்ல, அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல, அந்த ராணி கடைசி வரைக்கும் மனசு மாறவே இல்ல, சதி பண்ணினவனுகளத்தான் தூக்குல போட்டாங்கன்னாவ. அது ஒங்க புத்தகத்துல அப்படி இருக்கும்னேன். சரி, நாடகத்துல எது வேணாலும் நடக்கட்டும்னு விட்டுக் குடுத்துட்டாவ. தலையக் குனிய முடியுமா, முடியும். அழ முடியுமா, முடியும். ராணி கிரீடத்தக் கழத்தி மாதா காலடியில வைக்கணுமே, வைக்கேன்.

"முழங்கால் மட்டும் போட மாட்டேன் அண்ணாச்சி. முழங்கால் போட்டா நான் ஜெபம் பண்ணுவேன். நடிக்கிறதுக்குப் போட மாட்டேன்."

ஏன் டீச்சர், ஒரு நிமிசம்தானே, கண்ண மூடிக்கிட்டு போட்டுருங்க, எதுக்கு முன்னால போடுதோம்னே தெரியாதுன்னேன். அதுக்கு அவிய, ஜெபத்துல கண்ண மூடினப்புறம் முன்னால எது இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, ஆனா ஊரு கண்ணத் திறந்து பாத்துக்கிட்டு இருக்கும்லான்னாவ. இது ஒரு பேச்சா? சாமியார்ட்டப் போனேன். அவரு, தலை குனிஞ்சாப் போதும் கஸ்பார், மாதாவுக்கு மனசுதான் முக்கியம்னுட்டாரு. அவருக்கென்ன, மகனா மக்களா.

நேர்ச்சை விசயத்த யாருக்கும் சொல்லல. சொன்னா பலிக்காதுன்னு எங்க அம்மா சொல்லுவா. வீட்ல பிலோமிக்கும் ராயப்பனுக்கும் தெரியும், அவ்வளவுதான். சரி, இனிமே நம்ம மூளையத்தான் நம்பணும். நான் என்ன சும்மாவா இத்தன வருசம் சதிகாரன் வேசம் கட்டினேன்?

முதல் சதி முத்துமாலை. ராணி கழுத்துல பெரிய முத்துமாலை கிடக்கும். கடைசி சீன்ல லெயோன் பக்கத்துல நின்னு நைசா ஒரு இழுப்பு இழுக்கணும். நூலு அந்து முத்து சிதறும். பொம்பளை மனசு, குனிஞ்சி பொறுக்காம இருக்குமா? பொறுக்கணும்னா முழங்கால் போட்டுத்தான் ஆகணும். அந்த நேரம் மாதா சுரூபத்த எதிர்ல தள்ளிருவோம். அருமையான திட்டம். லெயோன்கிட்ட மட்டும் சொன்னேன். நூல முன்னாலேயே நைய வைக்கணும்லா, அதுக்கு மாலைய வீட்டுக்குக் கொண்டாந்து பிலோமிகிட்டச் சொன்னேன், அவ்வளவுதான்.

மறுநா ஒத்திகைக்கு டீச்சர் வாராவ, மாலை தங்கூசியில கோத்திருக்கு. நாங்க பெரிய மீனுக்குப் போடுத நைலான் நரம்பு. ஒரு தடவை வெள்ளோட்டம் பாப்போம்னு லெயோன் இழுக்கான், இழுக்கான், கை அறுத்து ரத்தம் வந்துட்டு. டீச்சர் திரும்பிப் பாத்து, "என்ன லெயோன், மாலை வேணுமா?"ன்னு கேட்டாவ. மூக்கு உடைஞ்சு போச்சு.

யாரு போயிச் சொன்னது? அதுதான் எனக்குப் புரியல. பிலோமிகிட்டக் கேட்டேன். பழைய நூலு நைஞ்சி போயிருந்துது, நாந்தான் மாத்திக் கோத்தேன்னா. வெள்ளந்தி. அவளுக்கு என்ன தெரியும்? ராணி உடுப்புத் தைக்கிற சோலி அவளுக்கு. சாயங்காலம் ஆனா டீச்சர் வீட்டுக்குப் போயிருவா, அளவு பாக்கணும், பிடிச்சித் தைக்கணும். ரெண்டு பேரும் என்னத்தையோ பேசிச் சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேக்கும். பொம்பளைக பேச்சு, நான் காது குடுக்கிறதில்ல.

அப்ப மிச்சம் யாரு? லெயோன்தானே? நாடகத்துல ஒற்றன் வேசம் கட்டிக் கட்டி புத்தி அப்படியே போயிட்டு. அதனால ரெண்டாவது சதிய அவன்கிட்டச் சொல்லவே இல்ல.

ரெண்டாவது சதி சிம்மாசனம். முன்னங்கால் ரெண்டையும் முக்கால்வாசி அறுத்து, மேல மெழுகு தேச்சி மறைச்சேன். கடைசி சீன்ல மட்டும்தான் ராணி அதுல உக்காருவா. உக்காந்து கொஞ்சம் முன்னால சாஞ்சா, நேரா முழங்கால்ல வந்து விழணும். அடி படாம இருக்க கீழ வைக்கோல் பரப்பி, கம்பளம் போட்டேன். நான் ஒண்ணும் கொலைகாரன் இல்ல. அறுக்கும்போது கால அசையாமப் பிடிச்சிக்கிட்டது பிலோமிதான். எதுக்கு அறுக்குதீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. சொல்லிப் போட்டேன், பாவம், சும்மா பிடிச்சிக்கிட்டு இருக்காளேன்னு.

திருவிழா அன்னைக்கு ஊரே கூடியிருக்கு. பக்கத்து ஊரு ஜனமும் வந்திருக்கு. கடைசிக்கு முந்தின சீன்ல கபிரியேல் பிரபுவக் கைதியா ராணி முன்னால நிறுத்துவாங்க. நான் நிமிந்து நின்னு வசனம் பேசணும். பேசினேன். ராணி அதுக்கு, கொண்டு போங்கள் இவனைன்னு சொல்லணும். சொல்லல. என்னையே பாத்தாவ. பிறகு புத்தகத்துல இல்லாத வசனம் ஒண்ணு வருது:

"கபிரியேல் பிரபுவே, சதி செய்து களைத்திருக்கிறீர். இந்தச் சிம்மாசனத்துக்காகத்தானே இத்தனை பாடு? வாரும். ஒரு தடவை இதில் அமர்ந்து பாரும்."

மாட்டேன் மகாராணின்னேன். இது என் கட்டளைன்னாவ. ஜனம் உக்காரு உக்காருன்னு கத்துது. லெயோன் கோட்டிப் பய, அவனுக்கு ஒண்ணும் தெரியாது, ராணி கட்டளைன்னு என் தோளப் பிடிச்சி அமுக்கிட்டான்.

சிம்மாசனம் மடங்கிட்டு. என் எடைக்கு வைக்கோல் பத்தல. ரெண்டு முழங்காலும் பலகையில டமார்னு அடிக்க, பதித ராணிக்கு முன்னால முழங்கால்ல நிக்கேன். அவியளுக்குப் பின்னால, கடைசி சீனுக்குத் தயாரா வச்சிருந்த மாதா சுரூபம். போட்டாக்காரன் அந்த நேரம் பாத்து எடுத்துட்டான். ஜனம் நாடகம்னு நினைச்சிக் கை தட்டுது, விசில் அடிக்குது. சாமியாரு முன்வரிசையில துண்ட வாயில வச்சி அமுக்கிக்கிட்டு இருக்காரு. டீச்சர் மட்டும் சிரிக்கல. குனிஞ்சி, என் கையப் பிடிச்சி, "எழுந்திரும் பிரபுவே. முழங்கால் கடவுளுக்கு உரியது. மனுசருக்குப் போட வேண்டாம்"னு சொல்லித் தூக்கி விட்டாவ. அதுக்கு ஒரு கை தட்டல். கடைசி சீன்ல சொன்னபடி தலைய மட்டும் குனிஞ்சாவ. திரை விழுந்துட்டு. என் நேர்ச்சை அப்படியே கிடக்கு.

வேசம் மாத்துத வகுப்பறையில பெஞ்சில உக்காந்து அழுதேன். வலின்னு எல்லாரும் நினைச்சாங்க. டீச்சர் கிரீடத்தக்கூடக் கழத்தாம, தைலக் குப்பியோட வந்து கீழ உக்காந்து முழங்கால்ல தேச்சி விட்டாவ. எனக்குத் தாங்கல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். ராயப்பன், புயல், நேர்ச்சை, பிளக்கு, எல்லாம். எம் பிள்ளையக் கடல் எடுத்துரும் டீச்சர், ஒங்க ஒரு முழங்கால்லதான் அவன் உசிரு இருக்குன்னேன்.

அவிய தைலக் குப்பிய மூடினாவ. பிறகு, "அண்ணாச்சி, அந்தப் புயலன்னைக்கு பிலோமி எங்கிட்ட வந்து ஜெபம் பண்ணச் சொன்னா. அன்னையில இருந்து தெனமும் ராயப்பனுக்காக முழங்கால் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்"னாவ.

எங்கன போடுதீங்கன்னு கேட்டேன். வீட்ல, நாற்காலிக்கு முன்னாலன்னாவ. நாற்காலியில யாரு இருக்கான்னேன். ஒருத்தரும் இல்லைன்னாவ.

இப்ப நியாயத்தச் சொல்லுங்க தம்பி. ராணி முழங்கால் போட்டா, சரி. எம் பிள்ளைக்காகவே போட்டா, அதுவும் சரி. என் மனசு நிறைஞ்சிதான் போச்சு, இல்லைங்கல. ஆனா மாதா காலடியில போடல்லியே? காலி நாற்காலிக்கு முன்னாலல்லா போட்டிருக்காவ? நேர்ச்சைன்னா சொன்னபடி தீக்கணும். பிலோமி, எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகுது, பிளக்கக் குடுங்கங்கா. ராயப்பனும் அதத்தான் சொல்லுதான். போயிச் சேந்தா சரிதான். போகல்லைன்னா? கடல்ல நிக்கது அவன்லா. எனக்கு அவன் ஒருத்தன்தான்.

டீச்சர் போன மே மாசம் ரிட்டையர் ஆகி நாசரேத்துக்கே வந்துட்டாவ. சொந்த வீடு. நானும் பிலோமியும் ஒரு தடவை பாக்க வந்தோம். அந்த நாற்காலியப் பாத்தேன். பிரம்பு நாற்காலி, முன்னறையில சுவத்த ஒட்டிப் போட்டிருக்கு. சாயங்காலம் விளக்கப் போட்டுட்டு அதுக்கு முன்னால முழங்கால் போட்டு, நாற்காலியில கைய ஊணி, கண்ண மூடிருவாவ. மேல சுவரு வெறிச்சினு கிடக்கு. ஒரு படம் இல்ல, ஒண்ணு இல்ல. சுண்ணாம்பு மட்டும். பஸ்ல திரும்பி வரும்போது அந்தச் சுவரே கண்ணுக்குள்ள நின்னுது. அப்பதான் நாடகத்துல வாற அந்த சீன் ஞாபகம் வந்துது. ராணி அறையில படுத்திருப்பா, சுவத்துக்குள்ள சாமியாரு இருப்பாரு, சொன்னேன்லா?

ஆமா தம்பி. இந்தக் கடிகாரத்துக்குள்ளதான்.

மாதா படம் சின்னதா ஒண்ணு. முன்னால எண்ணு போட்ட தகடு இருக்கும்லா, அதுக்குப் பின்னால ஒட்டியிருக்கு. முகம் அறையப் பாத்து. பின்மூடியக் கழத்தினது நான். மைதா காய்ச்சி ஒட்டினது பிலோமி. அவளுக்குக் கை நேர்த்தி. வெளிய இருந்து பாத்தா சாதாரணக் கடிகாரம். 'நாடகக் குழு அன்பளிப்பு'ன்னு கீழ எழுதியிருக்கு. நாற்காலிக்கு நேர் மேல மாட்டிட்டா, சாயங்காலம் ராணி தானா வந்து மாதா காலடியில முழங்கால் போட்டுருவா. கண்ண மூடினப்புறம் முன்னால எது இருந்தா என்னன்னு அவியதானே சொன்னாவ? ஊரும் பாக்கல. யாருக்கும் ஒரு குத்தமும் இல்ல.

சாமியார்ட்டப் பொதுவாக் கேட்டு வச்சிக்கிட்டேன், நடுவுல ஒரு தகடு மறைச்சா மாதா பாப்பாளான்னு. கஸ்பார், ஒன்ன மாதிரி ஆளையே அவ ஊடுருவிப் பாக்கா, தகடு என்ன செய்யும்னாரு. அது போதும் எனக்கு.

இந்தத் தடவை லெயோனுக்குத் தெரியாது. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஒங்களுக்கு மட்டும்தான் சொல்லுதேன். ஒரே ஒரு கவலைதான். டீச்சர் வாங்கி வேற எங்கயாவது, அடுக்களையில மாட்டிட்டா? நாற்காலிக்கு நேரா மாட்டுங்கன்னு நான் எப்படிச் சொல்ல? சந்தேகம் வந்துராதா?

இருங்க, போன் அடிக்குது. இவதான்.

ம், சொல்லு. குரும்பூர் எப்பவோ தாண்டியாச்சு. ம். மடியிலதான் இருக்கு. யாரு? டீச்சரா? எதுக்கு ஒனக்குப் போன் போட்டாவ? ... என்ன ஆணி?

... நாற்காலிக்கு நேரா மேலயா?

அடிச்சிட்டாவளா? நாம சொல்லாமலேயா? எதுக்கு ஆணின்னு நீ கேக்க வேண்டியதுதானே? ... ம். ... ம். சரி. பிளக்கு இடுப்புலதான் இருக்கு. அவன் எதுக்கு இப்பமே வள்ளத்தக் கழுவுதான்? சரி, கழுவட்டும். வை.

கேட்டீங்களா தம்பி. சுவத்துல ஆணி அடிச்சி வச்சிருக்காவளாம். நாற்காலிக்கு நேரா. காலையிலேயே ஆளு விட்டு அடிச்சிட்டாவளாம், அண்ணாச்சி வந்து ஏணியில ஏறி முழங்கால நோகடிச்சிக்கிட வேண்டாம்னு சொன்னாவளாம்.

நான் கடிகாரம் கொண்டு போறது அவியளுக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க, எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும், பிலோமிக்குத் தெரியும், ஒங்களுக்கு இப்பதான் தெரியும். லெயோன்தான். எங்கயோ சுவத்துக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேட்டிருக்கான், மூதி.

ஆனா... தெரிஞ்சுமா ஆணி அடிச்சாவ?

ஒண்ணும் இல்ல தம்பி, கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்துங்க.

நாசரேத்து வந்துட்டா? இந்தாங்க, நான் இறங்குத வரைக்கும் பெட்டிய ஒரு நிமிசம் பிடிங்க. அப்படி இல்ல, அம்புக்குறி மேல பாக்கணும். உள்ள மாதா தலைகீழா நிக்கப்படாது.